ஆர்டர் கேட்டால் 'நீ நம்ம வீட்டுப் பொண்ணு' என்கிறார் முதலாளி

கேள்வி: எனக்கு 27 வயது, பி.காம். படித்தவள், திருமங்கலத்தில் இருக்கிறேன். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் ஒன்பது மாதமாகக் கணக்குப் பார்க்கிறேன். சேரும்போது சம்பளம் 11,000; இப்போது 16,500. அதில் 12,000 பேங்கில் ஏறும், மீதி 4,500 கவரில் வரும். இதுவரை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் இல்லை, பே ஸ்லிப்பும் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் பிடிப்பதில்லை. வேலை செய்பவர்கள் 35 பேருக்குக் குறையாது. ஆனால் ஒரே கேட்டுக்குள் முதலாளி பெயரில் ஒரு கம்பெனி, அவர் மனைவி பெயரில் ஒரு கம்பெனி என்று இரண்டு போர்டு. போன வருடம் அம்மாவின் பித்தப்பை ஆபரேஷனுக்கு 60,000 ரூபாய் வட்டிக்கு வாங்கினோம். இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், மூன்று மாதப் பே ஸ்லிப், யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் நம்பர் எல்லாம் கேட்கிறார்கள். சேர 45 நாள் டைம் கொடுத்திருக்கிறார்கள். முதலாளியிடம் கேட்டால், "நீ நம்ம வீட்டுப் பொண்ணு, உனக்கு எதுக்கும்மா பேப்பரு?" என்று சிரிக்கிறார். சேரும்போது வாங்கிய பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டிகிரி சர்டிபிகேட்டும் அவர் பீரோவில்தான் இருக்கின்றன. வேலை வாங்கிக் கொடுத்தவர் என் சித்தப்பா; முதலாளிக்கு சிநேகிதர். கேஸ் போடலாமா? சித்தப்பாவிடம் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

தங்கச்சி, கேஸ் இப்போது வேண்டாம். அதற்காக நாளைக் காலையில் போய் "ஆர்டர் கொடுத்தால்தான் ஆச்சு" என்று முதலாளி அறை வாசலில் நிற்கவும் வேண்டாம். 45 நாள் இருக்கிறது. எதை முதலில் கையில் வாங்கிக்கொள்வது, எதை அப்புறம் வாய் திறந்து கேட்பது என்ற வரிசையில்தான் இந்த மாதிரி விவகாரம் ஜெயிப்பதும் தோற்பதும். முதலில் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு ஆதாரம் தேடியவர்கள் அலைந்த அலைச்சலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்ட மறுநாளே பஞ்சிங் மிஷினில் விரல் விழாது. வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் பெயர் இருக்காது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த மார்க் ஷீட், அதுதான் முதல் வேலை. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. படிப்புச் சான்றிதழ் விற்கவோ ஈடு வைக்கவோ கூடிய சரக்கு இல்லை, அதைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லிவிட்டது. கல்லூரிகள் பிடித்து வைத்தபோது சொன்ன அதே நியாயம்தான் கப்பலூர் பீரோவுக்கும். ஆனால் சட்டம் பேசி வாங்குவதை விட, முகம் கோணுவதற்கு முன்பே வாங்கிவிடுவது சுலபம். பாஸ்போர்ட் எடுக்க அசல் வேண்டும் என்று கேளுங்கள். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே விண்ணப்பித்துவிடுங்கள், 1,500 ரூபாய்தான், எப்போதாவது உதவும். கைக்கு வந்ததும் வீட்டில் வையுங்கள். திரும்பக் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள்.

தரவே மாட்டேன் என்றால் எழுத்தில் கேட்டு, அதற்கும் பதில் இல்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தராமல் இருப்பது நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆவது பிரிவு. "இது சிவில் மேட்டர்மா, பேசித் தீத்துக்குங்க" என்பார்கள். பரவாயில்லை, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். பாதிப் பேர் அந்த ரசீதைப் பார்த்ததும் பீரோவைத் திறந்துவிடுவார்கள். இன்னொரு யோசனையும் யாராவது சொல்வார்கள்: தொலைந்துவிட்டது என்று காவல்துறை இணையதளத்தில் பதிந்து டூப்ளிகேட் வாங்கிவிடு என்று. செய்யாதீர்கள். இருக்கும் இடம் தெரிந்த பொருளைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால், அதுவரை அவர் பக்கம் இருந்த தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது தடயம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளிக்காக மதுரை தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆஜரானேன். "இந்த ஆளை நான் பார்த்ததே கிடையாது" என்று பட்டறைக்காரர் கூண்டில் நின்று கூசாமல் சொன்னார். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுக் கூட இல்லை. தொழிலாளியின் மனைவி மஞ்சப் பையிலிருந்து நான்கு போட்டோவை எடுத்து நீட்டினார். நான்கும் ஆயுத பூஜை போட்டோ. நடுவில் மாலை போட்ட லேத், ஒரு பக்கம் பட்டறைக்காரர், அவர் தோளை ஒட்டி எங்கள் ஆள். வருடத்துக்கு வருடம் இருவருக்கும் நரை கூடியிருந்தது, ஆள் மட்டும் மாறவில்லை. குறுக்கு விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வேலை பார்த்தேன் என்று காட்டும் முதல் பொறுப்பு தொழிலாளி மேல்தான் விழும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தப் பொறுப்பு தாங்க முடியாத சுமையும் இல்லை. எல்லட்டி என்ற தினக்கூலித் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் இதைப் பேசியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களிடம் ஆர்டரும் இருக்காது, சம்பள ரசீதும் இருக்காது. அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் நிர்வாகமே கொண்டுவரட்டும் என்று கேட்கலாம் என்றது. கொண்டுவராமல் மழுப்பினால் நிர்வாகத்துக்கு எதிரான முடிவுக்கு நீதிமன்றம் வரலாம். அது அந்தந்த வழக்கைப் பொறுத்தது.

அந்த லேத் தொழிலாளியை விட நீங்கள் எவ்வளவோ வசதியாக இருக்கிறீர்கள். ஐம்பத்தேழு மாதமாக உங்கள் கணக்கில் பணம் ஏறியிருக்கிறது. பேங்குக்குப் போய் முதல் சம்பளம் ஏறிய மாதத்திலிருந்து ஸ்டேட்மென்ட் எடுத்து, கிளை முத்திரை வாங்கி வையுங்கள். ஆப்பில் இறக்குவது அவசரத்துக்கு ஆகும், முத்திரை போட்டது காலத்துக்கும் ஆகும். எந்தப் பெயரிலிருந்து பணம் வந்தது என்று வரிவரியாகப் பாருங்கள். சில மாதம் முதலாளி கம்பெனி, சில மாதம் மனைவி கம்பெனி என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்புறம் வாட்ஸ்அப். "இன்னிக்கு லோடு போயிருச்சா?", "ஜி.எஸ்.டி. ஃபைல் பண்ணியாச்சா?" என்று வந்த ஒவ்வொரு செய்தியும் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி. உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அந்த போனை மட்டும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்று கொடுக்க வேண்டும். செய்தி வந்த போன் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

கவரில் வரும் 4,500-க்கு என்ன செய்வது? வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து வாங்குவார்கள் என்று நினைக்கிறேன். அந்த வவுச்சர் அவர்களிடமே இருக்கும். இனி வாங்கும் ஒவ்வொரு கவருக்கும் அன்றைக்கே முதலாளிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "சார், இந்த மாதச் சம்பளத்தில் பேங்கில் வந்தது போக மீதி 4,500 வாங்கிக்கொண்டேன், நன்றி." மரியாதையான செய்தி, யாரும் கோபப்பட முடியாது. அவர் ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பினாலே போதும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு மட்டும். நீங்கள் கணக்குப் பார்ப்பவர். கணக்கு ஏற்றும் டேலி சாஃப்ட்வேர் உங்கள் கையில், இரண்டு கம்பெனி மஸ்டரும் (வருகைப் பதிவேடும்) உங்கள் அலமாரியில். "எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல ஏத்திட்டு வந்துரு, ஆளு ஆடிப் போயிருவான்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். ஏற்றாதீர்கள். அடுத்தவர் சம்பளம், பார்ட்டி லெட்ஜர், டேலி பேக்கப் எதையும் வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் கம்பெனி ரகசியத்தைத் திருடினாள் என்று உங்கள் மேல் புகார் கொடுக்க அவருக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்கள் பெயரும் உங்கள் கையெழுத்தும் உள்ளது, உங்களுக்கு அனுப்பப்பட்டது, இவ்வளவுதான் உங்கள் எல்லை. எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த நிறத்து அட்டை என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். பிறகு அதிகாரியிடம் "இன்ன பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்று குறிப்பாகக் கேட்கலாம். இல்லாத பதிவேட்டைக் கேட்பவரை அதிகாரி கவனிக்க மாட்டார். அட்டை நிறம் சொல்லிக் கேட்பவரைக் கவனிப்பார்.

ஆர்டர் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பின் 6-ஆவது பிரிவு, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. பழைய ஆட்களுக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால், சட்டம் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பேர் வேலை செய்தாலே இது பொருந்தும். உங்களிடம் 35 பேர். சம்பளச் சீட்டுக் கொடுக்கவேண்டியது ஊதியத் தொகுப்பின் 50-ஆவது பிரிவு. அதே தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு 59: சம்பளம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று ஒருவர் கோரிக்கை வைத்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கவேண்டியது முதலாளி. ஆக, சீட்டுக் கொடுக்காமல் இருப்பது முதலாளிக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பழைய நினைப்பு. எழுத்து இல்லாத இடத்தில் இப்போது அவருக்கும் சிக்கல்தான். இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவருடைய ஆடிட்டர் சொல்வார். உங்கள் கடிதம் ஆடிட்டர் மேசைக்குப் போகும்படி எழுதுவதுதான் நம் வேலை.

பி.எஃப். விஷயத்துக்கு வருகிறேன், பணமாகப் பார்த்தால் உங்களுக்கு இதில்தான் பெரிய இழப்பு. 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம். அதற்காகத்தான் பல பேர் மனைவி பெயரில் இன்னொரு போர்டு மாட்டுவார்கள்: அங்கே 18, இங்கே 17, இரண்டும் இருபதுக்குக் கீழே. இந்த வித்தை பி.எஃப். அலுவலகத்துக்குப் புதிதில்லை. ஒரே நிர்வாகம், ஒரே இடம், அங்கே பாதி வேலை இங்கே பாதி வேலை, ஆட்கள் இங்கிருந்து அங்கே மாறுவது என்றெல்லாம் தெரிந்தால் இரண்டையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்துக் கணக்கிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் சம்பளம் இரண்டு பெயரிலும் மாறி மாறி வந்திருந்தால் சந்தோஷப்படுங்கள் என்றது இதற்காகத்தான்.

15,000 ரூபாய் ஊதியத்துக்குக் கணக்கிட்டால் மாதம் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800. அவர் பங்கும் 1,800. அவருடையதில் 1,250 பென்ஷன் கணக்குக்கும் 550 பி.எஃப். கணக்குக்கும் போகும். ஆரம்ப வருடங்களில் உங்கள் சம்பளம் குறைவு என்பதால் தொகையும் குறையும். அப்படியும் ஐம்பத்தேழு மாதத்துக்குச் சின்னப் பணம் இல்லை. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அதில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் உங்களுக்குக் காற்றோடு போயிருக்கிறது. "நீ கேட்டா உன் பங்கையும் சேத்து மொத்தமா உன் சம்பளத்துல பிடிப்பேன்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். பிடிக்காமல் விட்ட பழைய மாதங்களின் தொழிலாளி பங்கை இப்போது உங்களிடம் வசூலிக்க பி.எஃப். திட்ட விதி பொதுவாக இடம் தராது.

முதலில் அரசாங்கத்தின் உமங் ஆப்பில் ஆதாரை வைத்து உங்களுக்கு ஏற்கெனவே யு.ஏ.என். இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இருக்கவும் கூடும். கணக்குக்கு ஐந்தாறு பேரை மட்டும் பி.எஃப்.-இல் காட்டிவிட்டு அவர்களிடமே சொல்லாமல் இருக்கும் கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லாவிட்டால் புகார்தான்: மதுரை சொக்கிகுளத்தில் லேடி டோக் கல்லூரி சாலையில் மண்டல பி.எஃப். அலுவலகம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த தேதி, சம்பளம், இரண்டு போர்டுகளின் பெயர், தோராயமாக எத்தனை பேர், பேங்க் ஸ்டேட்மென்ட் நகல், இவற்றோடு எழுதிக் கொடுங்கள். இரண்டாவது நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். விசாரித்து எவ்வளவு பாக்கி என்று நிர்ணயித்து வசூலிப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால் இது 45 நாளில் முடிகிற காரியம் இல்லை. கோயம்புத்தூர் வேலைக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அங்கே சேர்ந்த பிறகும் இது பாட்டுக்கு நடக்கும்.

இ.எஸ்.ஐ. பற்றி எழுதும்போது எனக்கே வயிறு எரிகிறது. 10 பேர் இருந்தால், சம்பளம் 21,000-க்குள் இருந்தால், கட்டாயம். உங்கள் 16,500-க்கு மாதம் 124 ரூபாய் உங்களிடம் பிடித்திருப்பார்கள், 537 ரூபாய் முதலாளி போட்டிருப்பார். அவ்வளவுதான் செலவு. உங்களைச் சார்ந்த அம்மாவும் அதில் வருவார்; தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கலாம், வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டாம். மாதம் 537 ரூபாயை மிச்சம் பிடித்தவர்தான் உங்களை வீட்டுப் பொண்ணு என்கிறார். போன செலவை மீட்பது கஷ்டம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் ஒரு புகார் போட்டுவிட்டுப் போங்கள், அங்கே மிச்சம் இருக்கும் 34 பேருக்காகவாவது.

எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்? இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் பெரிய சட்டப் பிரிவு இல்லை. பெரிய ஆலைகளுக்கான நிலையாணைகளில், அதாவது வேலை விதிமுறைகளில், பணிச் சான்று தரவேண்டும் என்று இருக்கிறது. 35 பேர் உள்ள இடத்தில் அதைக் காட்டி வாதாட முடியாது. அதனால் இதைச் சண்டை போட்டு வாங்குவதை விடப் பேசி வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் கோயம்புத்தூர் வேலை போய்விடும் என்று நினைக்காதீர்கள். அந்த ஹெச்.ஆரை அழைத்து மறைக்காமல் சொல்லுங்கள்: "சிறிய கம்பெனி, பே ஸ்லிப் கொடுக்கும் வழக்கம் இல்லை, ஐந்து வருட பேங்க் ஸ்டேட்மென்ட் தருகிறேன், உறுதிமொழிக் கடிதமும் தருகிறேன்." கப்பலூரிலும் கே.புதூரிலும் இருந்து போகும் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படித்தான் போகிறார்கள், ஹெச்.ஆர்.களுக்கு இது தெரியும். ஒன்று மட்டும் வேண்டாம்: டி.டி.பி. சென்டரில் முதலாளி லெட்டர்ஹெட்டை அடித்துப் பே ஸ்லிப் தயாரிப்பது. 300 ரூபாய்க்குச் செய்து தருகிறார்கள். பின்னால் சரிபார்ப்பில் மாட்டினால் வேலையும் போகும், இவ்வளவு நாள் உங்கள் பக்கம் இருந்த நியாயமும் போகும்.

இனி கடிதம். வாயால் கேட்டதெல்லாம் கேட்டதாகாது. மெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-இல் அதோடு இணைத்துவிட்டார்கள். இரண்டு கம்பெனி பெயரையும் போட்டு முகவரி எழுதுங்கள். கோபம், குற்றச்சாட்டு, சட்டப் பிரிவு எதுவும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் (சேர்ந்த தேதி) முதல் கணக்காளராகப் பணிபுரிந்து வருகிறேன். தற்போது என் மாத ஊதியம் ரூ. 16,500, இதில் ரூ. 12,000 வங்கி மூலமும் ரூ. 4,500 ரொக்கமாகவும் பெற்று வருகிறேன். என் சொந்தத் தேவைக்காக நியமனக் கடிதமும், கடந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகளும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்களும் தேவைப்படுகின்றன. பத்து நாட்களுக்குள் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். படிக்கச் சாதுவாக இருக்கும். ஆனால் நீங்கள் எப்போது சேர்ந்தீர்கள், எவ்வளவு சம்பளம், எவ்வளவு ரொக்கம் என்று மூன்று விஷயம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தப்பு என்றால் அவர் மறுத்து எழுத வேண்டும். மறுக்காமல் விட்டால் அதுவும் நமக்கு ஆகும். எந்த ஆடிட்டரும் இந்தக் கடிதத்தைப் படித்ததும் போனை எடுப்பார்.

ராஜினாமாவை அதோடு சேர்த்து அனுப்பாதீர்கள், பத்து நாள் போகட்டும். ராஜினாமா தேதியையும் யோசித்துப் போடுங்கள், அதில் பணம் இருக்கிறது. வேலையை விடும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் முடிய வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில், ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருடத் தொடர் பணியாகக் கொள்ளலாம் என்றது. மாதச் சம்பளக்காரர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய ஞாயிறும் விடுமுறையும் அந்த 240-இல் சேரும். உங்களுக்கு ஐந்தாவது வருடத்தில் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. சம்பளம் பிடித்த லீவு நாட்களைக் கழித்துப் பாருங்கள். நாலைந்து நாள் குறைந்தால் நாலைந்து நாள் கூட வேலை பார்த்துவிட்டுப் போங்கள். கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் 47,596 ரூபாய் வருகிறது. அம்மாவின் கடனில் முக்கால்வாசி.

நோட்டீஸ் எத்தனை நாள்? ஆர்டரே இல்லாத இடத்தில் மூன்று மாத நோட்டீஸ் என்று அவர் புதிதாகக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாதம் கொடுங்கள், அது நாகரிகம். சொல்லாமல் நின்றுவிட மட்டும் கூடாது, அதுவும் கணக்குப் பார்த்தவர் நின்றால் மறுநாளே கல்லாவில் பணம் குறையும். கடைசி நாளில் ஒரு ஒப்படைப்புப் பட்டியல் எழுதுங்கள்: கையிருப்பு ரொக்கம் இவ்வளவு, செக் புக்கில் கடைசி எண் இது, டேலி, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டுகள் இன்னாரிடம், பீரோ சாவி இன்னாரிடம். வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே பட்டியலை அங்கே உட்கார்ந்தே மெயிலில் அனுப்பிவிட்டு எழுந்து வாருங்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் உங்கள் போன் நம்பர் இருந்தால் மாற்றச் சொல்லி எழுதுங்கள், இல்லையென்றால் ஓ.டி.பி. கேட்டு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். ராஜினாமா செய்தவருக்குக் கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊதியத் தொகுப்பின் 17-ஆவது பிரிவு.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு பேரம் பேசுவார் என்பது என் அனுமானம். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ஒரு கையில், 'எனக்குச் சேரவேண்டியது எல்லாம் சேர்ந்துவிட்டது' என்ற காகிதம் இன்னொரு கையில். தேதியில்லாமல் கையெழுத்து, வெற்றுத் தாளில் கையெழுத்து, இரண்டும் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் வாங்கிய தொகையை உங்கள் கையால் எண்ணிலும் எழுத்திலும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அப்படிப் போட்டுவிட்டாலும் பி.எஃப்.-உம் கிராஜுவிட்டியும் கையெழுத்தால் தொலைந்துபோகிற உரிமைகள் இல்லை.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் மதுரையிலேயே தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. சம்பளப் பாக்கி, கிராஜுவிட்டி மனுவை அங்கே கொடுக்கலாம். சம்பளக் கோரிக்கைக்கு மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு, ஆகவே நெருப்பை மிதித்த மாதிரி ஓட வேண்டாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். என் தொழிலுக்கு நானே கெடுதல் செய்கிறேன் என்று பக்கத்து அறை வக்கீல் சொல்வார், சொல்லட்டும்.

கடைசியாகச் சித்தப்பா. அவரிடம் மறைக்காதீர்கள், ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். முதலாளி மேல் குறை சொல்லி ஆரம்பிக்காமல், கோயம்புத்தூர் வேலையைச் சொல்லி ஆரம்பியுங்கள். "சித்தப்பா, நீங்க வாங்கிக் குடுத்த வேலையாலதான் இந்த வேலையே கிடைச்சது. அங்க பேப்பர் கேக்குறாங்க, உங்க சிநேகிதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அவரைத் தூது அனுப்புங்கள். சிநேகிதர் கேட்டு, தன் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதிக் கொடுப்பது முதலாளிக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரியாது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் அந்த வழியாகவே வந்தாலும் வரும். பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றிச் சித்தப்பாவைப் பேரம் பேச விடாதீர்கள். "பத்தாயிரம் வாங்கிக்கிட்டு விட்ருமா" என்று அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். அது உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்லவேண்டிய விஷயம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் அந்த 47,596-ஐ இன்றைக்கே சொல்லி வையுங்கள்.